பெயின்ற் அறையில் வந்த பிள்ளை

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி விடுமுறை. வேலையால் வந்த என் கணவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவருடைய கழுத்தைச் சுற்றி செம்மயிர் அடர்ந்த இரண்டு நீண்ட கைகள் கிடந்தன. முகம் தோளுக்குள் புதைந்திருந்தது.

"பயப்பிடாதையும். கடிக்கிற நிலைமையில இல்லை," என்றார்.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி, நான் ஆசிரியை. அன்புவழிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். சுமாத்திராவிலிருந்து வந்த கப்பல் ஒன்றைச் சோதித்தபோது, பெயின்ற் வைக்கும் அறையில், ஒரு மரப்பெட்டிக்குள் இந்த ஒராங்குட்டான் குட்டியைக் கண்டெடுத்தார்களாம். ஒரு மாலுமி எங்கேயோ கொண்டுபோய் விற்க ஒளித்து வைத்திருந்தான். துறைமுகப் பொலிசில் இருந்த மலாய்க்கார சார்ஜன்ட்தான் அவனோடு கதைத்து விசயத்தை அறிந்தார். தாய் மரத்தின் உச்சியில் இருந்ததாம். சுட்டு விழுத்தினார்களாம். விழுந்த பிறகும் குட்டி தாயை விடவில்லையாம்.

"எங்கட பாசையில ஒறாங் எண்டா மனிசன், ஊத்தான் எண்டா காடு," என்றாராம் சார்ஜன்ட். "காட்டு மனிசன் எண்டு பேரையும் வெச்சிட்டு, வெடியும் வெச்சிருக்கானுகள்."

அடுத்த நாள் காலையில் அரசாங்க மிருக வைத்தியர் வீட்டுக்கு வந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"பெட்டைக் குட்டி. ரெண்டு வயசு இருக்கும். தாயோட ஏழெட்டு வருசம் இருக்கிற சாதி இது, ரீச்சர். அதுக்குப் பிறகுதான் தாய் அடுத்ததைப் பெறும். ஒரு தாயைச் சுட்டால் ஒரு பரம்பரையே போச்சு."

"சாப்பாடு என்ன குடுக்கிறது?"

"பாலும் பழமும் குடுங்கோ. அதைவிட, பிடிச்சுக்கொண்டிருக்க ஒரு உடம்பு வேணும். கூண்டில தனிய விட்டால் தின்னாமலே செத்துப்போகும்."

அந்த உடம்பு நான்தான் என்று ஆகிவிட்டது. விடுமுறை எனக்குத்தானே. முதல் இரண்டு மூன்று நாள் அருவருப்பாகத்தான் இருந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினியில் தேங்காய் துருவினேன், உடுப்புத் தோய்த்தேன். இறக்கினால் கத்தமாட்டாள், உதட்டை நீட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பிறகு இறக்க மனம் வராது. சூப்பிப் போத்தலில் பால் குடிக்கும்போது ஒரு கையால் என் காதைத் தடவிக்கொண்டிருப்பாள். நாங்கள் அவளுக்குப் பேர் வைக்கவில்லை. பிள்ளை என்றே கூப்பிட்டோம்.

தெம்பு வந்ததும் அவளுடைய புத்தி வெளியே தெரியத் தொடங்கியது. அலுமாரியைத் திறந்து என் சேலைகளை இழுத்துப் போட்டு, வட்டமாகச் சுற்றி, நடுவில் அமத்தி, அதற்குள் படுத்தாள். நான் ஏசினேன். வைத்தியர் கேட்டுச் சிரித்தார்.

"கூடு கட்டுறாள், ரீச்சர். பெரியதுகள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொப்பை முறிச்சுப் புதுக்கூடு கட்டித்தான் படுக்கும். மரத்தில ஏத்தி விடுங்கோ."

பின்வளவில் மாமரம் இருந்தது. முதலில் ஏற மாட்டேன் என்றாள். என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறிக் கொப்பில் இருந்தார். அக்கம்பக்கத்தவர் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் இறங்கவில்லை. கடைசியில் பிள்ளை அவர் பக்கத்தில் போய் இருந்தாள். பிறகு அவரைக் கடந்து மேலே போனாள். மெல்லிய கொப்புகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் வளைத்து, காலடியில் வைத்து மிதித்தாள். மழை தூறியது. வளவு மூலையில் நின்ற வாழையின் இலையைக் கிழித்துவந்து தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது? தாயிடம் பார்த்த இரண்டு வருசம் அந்தச் சின்னத் தலைக்குள் அப்படியே இருந்தது. நான் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன்.

நகரத்து முதலாளி ஒருவர் தன் தோட்டத்தில் வளர்க்கக் கேட்டு வந்தார். "நல்லா வைச்சிருப்பன்," என்றார். என் கணவர் ஏலாது என்று விட்டார். அவரும் வைத்தியரும் அவளைத் திருப்பி அனுப்ப அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். இப்படிப் பிடிபட்ட குட்டிகளைத் திரும்பவும் காட்டில் வாழப் பழக்கும் இடம் ஒன்று சுமாத்திராவில் இருப்பதாக வைத்தியர் அறிந்திருந்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது. அந்தப் பக்கம் போகும் கப்பலின் வயதான கப்ரன் கொண்டுபோகச் சம்மதித்தார்.

அவளை அவருக்குப் பழக்க, பின்னேரங்களில் லாஞ்ச் படகில் கப்பலுக்குப் போனேன். கப்ரன் தன் அறையில் கயிறு கட்டி, கொப்புகள் தொங்கவிட்டிருந்தார். கடைசி நாள் அவள் அவர் மடியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது நான் சத்தமில்லாமல் எழும்பி வந்துவிட்டேன். ஏணியால் இறங்கும்போது மேலே அவள் கத்தியது கேட்டது. என் கணவர் லாஞ்சில் காத்திருந்தார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

அடுத்த வருசம் அதே கப்பல் வந்தது. கப்ரன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். மலாய்க்கார சார்ஜன்ட் இடையில் நின்று மொழிபெயர்த்தார். போன பயணத்தில் கப்ரன் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாராம். பிள்ளை வளர்ந்துவிட்டாளாம். மற்றக் குட்டிகளோடு உயர மரத்தில் திரிகிறாளாம்.

"கூப்பிட்டுப் பாத்தாராம். இறங்கி வரல்லையாம்," என்றார் சார்ஜன்ட். "பழத்தக் காட்டினதுக்கும் வரல்லையாம்."

"திரும்பிப் பார்த்தாளோ எண்டு கேளுங்கோ," என்றேன்.

சார்ஜன்ட் கேட்டார். கப்ரன் சிரித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார். எனக்கு நெஞ்சு ஒருதரம் வலித்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.