அந்தச் சுவரில் என்னதான் எழுதியிருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை பிரம்மதேசத்தில் ஒரு கிரகப்பிரவேசம். திண்டிவனத்திலிருந்து வண்டியில் போய், பந்தியில் உட்கார்ந்து, கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டேன். நடந்தால் தேவலை என்று தோன்றியது. சோழர் காலக் கோயில் பக்கம் போனேன்.

பின்பக்கச் சுவரோரம் ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு கையில் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், இன்னொரு கையில் பிரஷ். கோயிலைச் சுத்தம் செய்பவர் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். (முடிவு பண்ண நமக்கு ஒரு நொடி போதுமே!)

"ஏம்மா, இந்தப் பக்கமா சுத்தி வர வழி இருக்கா?"

"வழி இருக்கு. சித்த அந்தாண்ட தள்ளி நில்லுங்க சார். வெளிச்சத்த மறைச்சிக்கினு இருக்கீங்க, எழுத்து தெரியல."

எழுத்தா? அப்போதுதான் கவனித்தேன் — சுவர் முழுக்கக் கல்வெட்டு. அவர் மடியில் ஒரு நோட்டு.

"உங்களுக்கு இது படிக்கத் தெரியுமா?"

என் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. பழகியிருக்கும்.

பெயர் அஞ்சலை. பிறந்தது இதே ஊர். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து இந்தக் கோயிலுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். 'இதுல இன்னா சார் எழுதியிருக்கு?' என்று வாத்தியாரைக் கேட்டிருக்கிறார். 'பழைய எழுத்து. உனக்கு எதுக்கு அது? வரிசையில நட' என்று பதில் வந்திருக்கிறது.

எட்டாவதோடு படிப்பு நின்றது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் வேலை. இருபது வயதில் முகையூர் பக்கம் கல்யாணம், இரண்டு பெண்கள். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். நான்கு வருஷம் படுக்கை. பிறகு அவரும் இல்லை.

"இத்தனைக்கும் நடுவுல இந்தச் சுவரு ஞாபகம் இருந்துச்சா?"

"அம்மா வூட்டுக்கு வரும்போதெல்லாம் இப்டித்தான் போவேன். திரும்பிப் பாக்கமாட்டேன். பாத்தா கோவம் வரும் சார். கண்ணு முன்னாடி இருக்கு, தமிழுதான்றாங்க, எனக்குப் படிக்கத் தெரியல... இன்னா பேஜாரு இது!"

கனவு என்றால் பெரிய வீடு, பெரிய பதவி என்றே நாம் நினைக்கிறோம். ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வதுகூட ஒருவருக்கு வாழ்நாள் கனவாக இருக்க முடியுமா?

சின்ன மகளை விழுப்புரத்தில் காலேஜில் சேர்க்கப் போனபோது நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. ஞாயிறுதோறும் கல்வெட்டுப் பயிற்சி, யார் வேண்டுமானாலும் சேரலாம்.

"யார் வேணான்னா நானுந்தானேன்னு மகள கேட்டேன். அன்னிக்கே பேர் குடுத்துட்டேன்."

ஆறு வாரம் போனார். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நின்றுவிட்டார். மறுவருஷம் மறுபடி சேர்ந்தார். பாதியில் எழுத்தெல்லாம் மங்கியது — கண்புரை. ஆபரேஷன். மறுபடி நின்றார். மூன்றாம் வருஷமும் போய் நின்றபோது, "இந்த வருஷமாவது முடிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார் வகுப்பு நடத்துபவர்.

"முடியலன்னா அடுத்த வருஷம் வர்றேன் சார்னு சொன்னேன்."

முடித்துவிட்டார். போன மாதம்தான்.

வயலில் களை எடுத்துக்கொண்டே மனசுக்குள் எழுதிப் பார்ப்பாராம். "அந்தக் காலத்துல புள்ளி வைக்கமாட்டாங்க. துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்து, எது சரியா வருதுன்னு நாமதான் கண்டுபுடிக்கணும்."

வேறு ஊர்க் கற்களில் படித்துப் பழகிவிட்டு, இந்தச் சுவரைப் படிக்க அன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிறார்.

"ரெண்டு கையும் பத்தல சார். கொஞ்சம் டார்ச் புடிக்கிறீங்களா? நேரா அடிக்காதீங்க, சாய்ச்சிப் புடிங்க."

போனைச் சாய்த்துப் பிடித்தேன். நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி நின்றன. அவர் விரல் மெல்ல நகர்ந்தது. ஒரு வரிக்குக் கால் மணி நேரம். உதடு மட்டும் அசைந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னதான்மா எழுதியிருக்கு?"

"நெலம் சார். கோயிலுக்கு நெலம் குடுத்திருக்காங்க. கெழக்கு எல்லை, மேக்கு எல்லை... பத்திரம் மாதிரியே போவுது." சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அவ்வளவுதானா? முப்பத்தைந்து வருஷக் காத்திருப்புக்கு ஒரு பத்திரமா? எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. "ஏமாத்தமா இருக்கா?" என்று கேட்டே விட்டேன்.

"அதெல்லாம் இல்ல. குடுத்தவங்க பேரு இருக்கு, வாங்குனவங்க பேரு இருக்கு. அந்த நெலத்துல எறங்கி வேலை செஞ்சவங்க பேரு இன்னும் வரல சார்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வடக்குச் செவுரு முழுசா பாக்கி கெடக்கு. ஜல்தியா வாங்க, வெயிலு எறங்குறதுக்குள்ள பாத்துடலாம்."

போனில் எட்டு பர்சென்ட்தான் சார்ஜ் இருந்தது... போனால் போகிறது என்று பின்னாலேயே ஓடினேன்.