பரீட்சை வீட்டுக்கு முதல் தண்ணீர்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரம் தண்ணீர் நிற்கும் என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தாராவியில் எங்கள் சந்தில் காலை இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்தாலே அது நல்ல நாள்.

போன புதிதில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. நகராட்சி அலுவலகத்தில் குறித்துக் கொடுத்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க அம்மா எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். ஆனாலும் என் ஊரை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கக்கூட ஒரு கடை திறந்திராத ஊர்க்காரர்கள் மும்பையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. போனில் அம்மா ஒருநாள் சொன்னாள்: "இப்ப நம்ம வீட்டுலயும் எந்நேரமும் தண்ணிதாம்ட்டி. குழாயத் தொறந்தா கொட்டுது."

மாநகராட்சி கடைசியில் பெரிய குழாய் போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது எல்லோரிடமும் அதைச் சொன்னேன். எங்கள் சந்துக்கே தண்ணீர் வந்துவிட்டது, இனி என்ன என்று.

எங்கள் சந்தின் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் அடுத்த வீட்டில் வேகம் குறைந்துவிடும். அதனால் முறை வைத்துத்தான் திறப்பார்கள். அந்த முறைக்கு ஒரு விலக்கு இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை அந்த வருஷம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதுகிறதோ, அதுதான் பரீட்சை வீடு. அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க முதல் தண்ணீர். பிள்ளை குளித்துவிட்டு நேரத்தோடு வகுப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் காரணம். யாரும் உத்தரவு போடவில்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இரண்டு பரீட்சைக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர். நான் என் மூளையால் மட்டும் படித்து வந்தேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சந்தின் தண்ணீரும் அதில் உண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது அம்மா சொன்னது உண்மையாகவே இருந்தது. குழாயைத் திறந்தால் கொட்டியது. இரண்டு நாள் தலை முழுகிக் குளித்தேன். மூன்றாம் நாள் விடியலில், நேரக் கணக்கு இன்னும் சரியாகாமல் விழித்துக்கொண்டபோது, சமையல் மேடைக்கு அடியிலிருந்து உறுமல் கேட்டது. சிலிண்டரை நகர்த்திப் பார்த்தேன். பழைய சாக்கைச் சுற்றிய ஒரு மோட்டார், சந்து லைனிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பரண்மேல் இருந்த டிரம்முக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுப் பெண், பன்னிரண்டாவது படிக்கிறவள், தோளில் புத்தகப் பையும் இரண்டு கையிலும் காலிக் கேனுமாக மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்குத் தூரத்துக் கல்யாணில் வேலை, முதல் ரயிலுக்கே போய்விடுவார். அம்மா செம்பூரில் ஒரு வீட்டில் காலைச் சமையல். தண்ணீர் இவள் பொறுப்பு.

"அம்மா, இது என்ன?"

"மோட்டாரு. பாத்தா தெரியலியா?"

"பெரிய பைப் போட்டுட்டாங்கன்னுல்ல நான் நெனச்சேன்?"

"நீ நெனச்சா நானா பொறுப்பு? தண்ணி வருதுன்னு சொன்னேன். வருதா, இல்லியா?"

"எதிர்வீட்டுல பரீட்சைம்மா. இந்த வருஷம் அவங்களுக்குத்தான முதல் தண்ணி?"

"இப்ப எவ முறை பாக்கா? கடைசி வீட்டுக்காரியும் மோட்டாரு மாட்டிட்டா."

"நமக்குப் பாத்தாங்கல்ல?"

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, அங்க நீ குழாயத் தொறக்கும்போது எவகிட்டயாவது கேட்டுட்டா தொறக்க? மாட்டுங்காவுல நான் பாத்திரம் வெளக்குத வீட்டுல எந்நேரமும் வருது. அவுக யாரு பங்கைக் குடிக்காவன்னு என்னைக்காவது கேட்டியா? உங்களுக்கெல்லாம் வந்தா வசதி. எனக்கு வந்தா மட்டும் திருட்டு."

"அங்க நான் திறந்தா பக்கத்து வீட்டுக் குழாய் நிக்காதும்மா."

"அப்ப அந்த ஜெர்மன்காரன இங்க கூட்டிட்டு வா. வந்து பைப்பு போடட்டும். நான் மோட்டாரக் கழட்டுதேன்."

அவள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவை, எதிர்வீட்டு அத்தையை, போய்ப் பார்த்தேன். கட்டிலில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னார்.

"அத்தை, அந்த மோட்டார்…"

"தெரியும் தாயி. சந்துல யாருக்குத் தெரியாது?"

"நீங்க எங்கம்மாகிட்ட கேக்கலியா?"

"கேட்டேன். 'எம் பொண்ணு வெளிநாட்டுல ஷவர்ல குளிச்சுப் பழகிட்டா, வந்தா வாளித் தண்ணியிலயா குளிப்பா'ன்னு உங்கம்மா கேட்டா. ஒன் பேரச் சொன்னதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

ஊரில் இல்லாத என்னை அம்மா சாட்சிக்கு இழுத்திருக்கிறாள். நான் ஒருநாளும் ஷவர் கேட்டதில்லை. இரண்டு நாள் நான் தலை முழுகிய தண்ணீருக்காகத்தான் அந்தப் பெண் கேன் சுமந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தை என் கையில் தட்டினார்.

"நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தீவாளிச் சீட்டு கையில வரட்டும். நானும் ஒண்ணு மாட்டிருவேன்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மாவின் மோட்டாரைவிட அந்த ஆறுதல்தான் எனக்கு வலித்தது. அந்த முறையை நினைத்து வருத்தப்பட சந்தில் நான் ஒருத்திதான் மிச்சம் போலிருந்தது. நானோ அங்கே குடியிருக்கிறவள் இல்லை.

மறுநாள் விடியலில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா வந்து மறுபடி செருகினாள். நான் மறுபடி பிடுங்கினேன். அவள் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே முருங்கைக்கீரையை ஆய உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் என் அம்மாவோடு கைகலக்க முடியாது. வெளியே போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து கேன்களை வாங்கினேன்.

"வேணாம் அக்கா, ஐயோ, நீங்க போயி…"

"நீ கிளாசுக்குப் போ."

அதிலிருந்து தினமும் நான்தான் போனேன். மெயின் ரோட்டுக் குழாயில் வரிசை நீளம். முழங்கை கழன்றுவிடும்போல வலிக்கும். அவள் கோச்சிங் வகுப்புக்கு நேரத்தோடு போனாள். நான்கு நடை முடித்துத் திரும்பும்போது அம்மா வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவாள்.

"நாலு பேரு சிரிக்காவட்டி. வெளிநாட்டுல வேல பாக்குத பிள்ள கேன் தூக்குது பாருன்னு. என் மானத்த வாங்கணும்னே வந்தியா?"

"மோட்டாரை நிறுத்து. கேனை இறக்கிடுறேன்."

"நீ போயிருவ. நான்தான இங்க கெடக்கணும்."

அதற்குப் பிறகு நான் தண்ணீருக்குப் போகும் நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரைப் பார்க்கக் கூடாதென்று சாத்தினாளோ தெரியவில்லை. ஒருநாளும் மோட்டார் நிற்கவில்லை.

ஒரு காலை அந்தப் பெண் ஷூ நாடாவைக் கட்டியபடி கேட்டாள்: "அக்கா, நீங்க எப்ப திரும்பிப் போறீங்க?"

ஊருக்கு வந்தவளிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதிலும் பழக்கத்தில் வந்தது. "சனிக்கிழமை ஃபிளைட்."

அவள் நிமிரவில்லை. நாடாவை விட்டுவிட்டு விரல்களில் நாளை எண்ணினாள்.

"அப்ப வெள்ளி வரைக்கும் கிளாஸ் போலாம்," என்றாள். "கெமிஸ்ட்ரி முடிஞ்சிரும். மேத்ஸ் பாதிதான் ஆகும்."