ஒன்றும் விளையாத உச்சி

நான் மலை ஏறியதில்லை. என் பெயரைக் கேட்டதும் இன்னமும் சிலர் அந்த மலையேற்றத் தொடரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதை எழுதியபோது நான் பார்த்திருந்த மிக உயரமான பொருள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம். அதையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எந்தத் திசையில் திரும்பினாலும் வயல்தான். வைக்கோல் போர் மேல் ஏறினால் அடுத்த ஊர் தெரியும். பனிக்கட்டி என்றால் கும்பகோணத்தில் சர்பத் கடைக்காரர் மரத்தூளுக்குள்ளிருந்து எடுத்துக் கழுவி உடைப்பாரே, அதுதான் எனக்குப் பனிக்கட்டி.

கல்லூரி முடித்து ஊருக்கு வந்து அப்பா சாப்பாட்டில் இருந்துகொண்டு கதை எழுதிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு என் சிறுகதைகள் பிடித்துப் போய், "காதல் கதை நிறைய வருகிறது, சாகசமாக ஒன்று எழுதுங்கள்" என்றார். நூலகத்தில் மலையேற்றம் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாலு பேரை இமயமலைக்கு அனுப்பினேன். தலைவன் ஒருவன், அவன் நண்பர்கள் இருவர், பொதி சுமக்கும் ஆள் ஒருவன். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டினேன்.

என் வேலை முறை ஒன்று உண்டு. எழுதியதை ஒரு ஆளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் தபாலில் சேர்க்க மாட்டேன். அந்த ஆள் எங்கள் வயலைச் சாகுபடி செய்தவர். என் வயதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். என்னைவிட நன்றாகப் படிப்பார். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த நாளில் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன், 'வாப்பா, போப்பா' என்பேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

வயலோரத்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பேன். அவர் வாசற்படியில் குந்தி, சேறு காய்ந்த காலைச் சுரண்டிக்கொண்டே கேட்பார்.

"இருங்க சின்னய்யா. அந்த உச்சியில என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. பனி."

"கோயில், கீயில்?"

"இல்ல."

"நெல்லு வெளையுமா?"

"அங்க ஒண்ணும் வெளையாது."

"ஒண்ணும் வெளையாத எடத்துக்கா இந்தப் பாடு! நம்ம தாசில்தாரு கூட வரி கேக்க மாட்டாரே அங்க."

இப்படிக் கிண்டல் செய்வார். ஆனால் அடுத்த வாரம் நான் வரும்போது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். பொதி சுமப்பவன்மேல் அவருக்குத் தனி அக்கறை. "அந்தாளுக்குக் கூலி நெல்லா, பணமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "கயித்துல அவன ஏன் கடைசில கட்டினீங்க? பொதிய வச்சுக்கிட்டு கடைசில வர்றவன் விழுந்தா யாரு புடிப்பா?" என்றார். தலைவன் பிடிப்பான் என்றேன். "ம்... பாக்கலாம்" என்றார்.

அந்தப் பொதிகாரனைச் சாகடிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். பனிப் பிளவில் விழ வேண்டும், நண்பர்கள் அழ வேண்டும், தொடர் அங்கே உச்சம் தொட வேண்டும். அதை இவரிடம் சொல்லவில்லை.

ஆட்சி மாறியிருந்த காலம். ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். கீழ்ப்பக்கம் ஊர்களில் கூலித் தகராறு, அறுவடைக்கு வெளியூர் ஆள் இறக்கியதில் அடிதடி, போலீஸ். எங்கள் ஊரில் ரத்தம் சிந்தவில்லை, ஆனால் டீக்கடையில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. அப்போதுதான் சாகுபடி செய்கிற குத்தகைதாரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. எழுத்து மூலம் குத்தகை விடும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். மிராசுதார்கள் முன்கூட்டியே ஒரு வேலை செய்தார்கள். ஒரே ஆளை ஒரே வயலில் தொடர்ந்து விடாமல், இந்த வருடம் இங்கே, அடுத்த வருடம் அங்கே என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எந்த வயலைக் காட்டி "இது நான் உழுதது" என்று சொல்ல முடியும்?

என் அப்பாவும் மாற்றினார். ஆனால் இவரிடம் இருந்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. வாய்க்காலின் கடைமடை அது. வடக்கு மூலையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். பதிலுக்கு எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அதனால் இவர் அப்பா காலத்திலிருந்து இவர்கள் கையிலேயே இருந்தது. மண் அடித்து அடித்து மேடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதை நல்ல வயலாக்கிவிட்டார். நல்ல வயலானதும் அப்பாவுக்கு அதன்மேல் கண் விழுந்தது.

விவசாயச் சங்கத்து ஆட்கள் சொல்லி, குத்தகைதாரராகப் பதியக் கேட்டு இவர் மனுப் போட்டார். போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொன்னார்.

"பெரியய்யாகிட்ட இப்பவே சொல்லிடாதீங்க. விசாரணை வரும். உங்களயும் கேப்பாங்க. எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாம் சின்னய்யா. இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, நான் ஏம்ப்பா சொல்லப் போறேன்" என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன்.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் படித்த அதே கூடம்தான். தாசில்தார் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் அப்பா. சுவரோரமாக அவர் நின்றார், வெளுத்த வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் வைத்துச் சீவி. அப்பா சொன்னார்: "பண்ணையாளுங்க. சொன்ன எடத்துல வேலை செய்வான். குத்தகையெல்லாம் ஒண்ணும் கெடயாது." பக்கத்து வயல்காரர்கள் இருவர் ஆமாம் என்றார்கள்.

தாசில்தார் இவரைப் பார்த்து, "உனக்குச் சாட்சி யாருப்பா?" என்றார்.

"சின்னய்யாவக் கேளுங்க சார். அவருக்குத் தெரியும். வாரா வாரம் அந்த வயல்லதான் உக்காந்து எனக்குக் கதை படிப்பாரு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ, "நாத்து நட்டானா, கதை கேட்டானா?" என்றார்கள். தாசில்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கதையா? அந்த மலைத் தொடர் எழுதறது நீங்கதானா சார்?" எழுந்தே விட்டார். "எங்க வீட்ல புஸ்தகம் வந்தா முதல்ல யாரு படிக்கறதுன்னு சண்டை. உண்மையச் சொல்லுங்க, அந்தச் சுமை தூக்கறவர் பொழைப்பாரா மாட்டாரா? என் சம்சாரம் கேட்டுட்டு வரச் சொன்னா!"

எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்புதலுக்கு அர்த்தமில்லை. ஊரே கூடியிருக்கிற இடத்தில், என் அப்பாவின் முன்னால், ஓர் அதிகாரி எனக்காக எழுந்து நின்றார். "பாருங்களேன், அடுத்த வாரம் தெரிஞ்சிடும்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே தாசில்தார் உட்கார்ந்து, "சரி, இந்த வயல் விஷயம் என்ன சார்? இவரு குத்தகைதாரரா?" என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டியிருந்தால்கூட எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். சோறு அவருடையது, கூரை அவருடையது, நான் கதை எழுதும் மேசையும் அவருடையது என்பது ஒரு கணம் மனதில் ஓடியது.

"எங்க ஆள்தான் சார். வயல்ல வேலை பாப்பாரு" என்றேன்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. வெகுகாலம் அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் சுவரை விட்டு நகர்ந்தார். தாசில்தாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். மனு தள்ளுபடியானது. அந்தப் போக அறுவடை முடிந்ததும் வயலை விட வேண்டும் என்று அப்பா ஆள் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம் இது. அந்த வார அத்தியாயத்தில் பனிப் பிளவில் விழுந்து சாக வேண்டிய பொதிகாரனைப் பிழைக்க வைத்தேன். தலைவன் கயிற்றை விடாமல் உள்ளங்கை கிழிய இழுத்து மேலே ஏற்றினான். அதோடு நிறுத்தவில்லை. பிறகு உச்சிக்குச் சில அடி இருக்கையில் தலைவன் ஒதுங்கி நின்று, "நீ முதலில் போ. இது நீ சுமந்து வந்த மலை" என்று சொன்னான். எழுதும்போது அழுதேன். வாசகர்களும் அழுதார்கள். அவ்வளவு கடிதங்கள் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஆசிரியர் தந்தியில் வாழ்த்தினார். முதல் முறையாக யாருக்கும் படித்துக் காட்டாமல் தபாலில் சேர்த்த அத்தியாயங்கள் அவை.

அறுவடை முடிந்து, மோட்டார் கொட்டகையிலிருந்த தன் சாமான்களை எடுக்க அவர் வந்தபோது நான் போய் நின்றேன். மண்வெட்டி, ஒரு பானை, கிழிந்த உரச் சாக்கு. அவ்வளவுதான் இருந்தது.

"தொடரு படிச்சேன்" என்றார். "டீக்கடையில கெடச்சுது. அந்தாளு மேல போயிட்டாரே."

"உனக்காகத்தாம்ப்பா அப்படி எழுதினேன்" என்றேன். என் வாயால் அதைச் சொன்னேன்.

அவர் சாக்கை மடித்தார். கோபமாகப் பேசவில்லை. சின்ன வயதில் கணக்கு தப்பாகப் போட்டால் என் சிலேட்டைப் பார்த்துச் சிரிப்பாரே, அப்படி ஒரு சிரிப்பு.

"மலைய யாரு கேட்டா சின்னய்யா? அங்கதான் ஒண்ணும் வெளையாதே."

அந்த வருடமே குடும்பத்தோடு பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டார். தொடர் புத்தகமாக வந்தது. பள்ளிகளில் பரிசாகக் கொடுத்தார்கள். கூட்டங்களில் என்னை மனிதநேய எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள், நானும் கும்பிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ எழுதினேன். எதையும் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. அவை கேட்க ஆளில்லாமல் எழுதிய வாக்கியங்கள் என்பது எனக்குப் பார்த்தாலே தெரியும்.

அப்பா போனார். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்கள் அடுத்தடுத்து வந்தன. நிலம் பங்கு பிரிந்தது. அந்த ஆறு மா என் பங்கில் வந்தது. நான் விற்றேன். வாங்கியவர் மண் கொட்டி மேடாக்கி, மனை போட்டார்.

சில வருடங்களுக்கு முன் புயலில் பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்து கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். விசாரித்து ஒரு போன் நம்பர் வாங்கிப் பேசிவிட்டுப் போனேன். வழியெல்லாம் மரங்கள் ஒரே பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தன. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. ஒரத்தநாட்டில் டீச்சராக இருக்கும் மகள் லீவு போட்டு வந்திருந்தார்.

"வாங்க சின்னய்யா. எளநி குடுக்கலாம்னா, மரமெல்லாம் படுத்துருச்சு. டீ குடிங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாக்கியங்களைப் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"நம்ம வயல்ல இப்ப என்ன போட்டிருக்கு?"

மனை போட்டிருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நான்தான் விற்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"சம்பா" என்றேன். "தூர் கட்டி நல்லா நிக்குது."

"வடக்கு மூலைல தண்ணி நிக்குமே?"

"இப்ப வடிகால் வெட்டியாச்சு. நிக்கறதில்ல."

"வரப்புல நான் வச்ச பூவரசு?"

"பெரிசாயிடுச்சு. நெழல் விழுதுன்னு ஒரு கிளைய மட்டும் கழிச்சாங்க."

அவர் கேட்கக் கேட்க எனக்கு வந்துகொண்டே இருந்தது. கொக்கு இறங்குவதைச் சொன்னேன். கதிர் பால் பிடிக்கும்போது வரும் வாசனையைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னமும் நல்லாச் சொல்றீங்க சின்னய்யா" என்றார்.

மன்னிப்பு வாக்கியங்கள் சட்டையில் வைத்த சில்லறைபோல் அப்படியே இருந்தன. எழுந்து விடைபெற்றேன்.

மகள் பஸ் நிறுத்தம் வரை வந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் சொன்னார்:

"சார், தப்பா நெனைக்காதீங்க. போன பொங்கலுக்கு நான்தான் அப்பாவ அங்க கூட்டிட்டுப் போனேன். வயலப் பாக்கணும்னாரு. மஞ்சக் கலரு அடிச்ச மனைக் கல்லெல்லாம் பாத்தாரு. ஒரு கல்லு மேல உக்காந்து டீ வாங்கிக் குடிச்சிட்டு வந்தோம்."

"யாரு வித்ததுன்னு..."

"அங்க இருந்தவங்க சொன்னாங்க சார்."

"தெரிஞ்சும் பின்ன ஏம்மா என்கிட்ட கேட்டாரு?"

"தெரியல சார். நீங்க வர்றதா போன் வந்ததுலேருந்து, அதக் கேக்கணும், அதக் கேக்கணும்னே இருந்தாரு."

திரும்பிப் பார்த்தேன். வீடு அங்கிருந்தே தெரிந்தது. அவர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார், எங்களைப் பார்த்தபடி. கால் வலிக்காமல் நடந்து போகிற தூரம்தான். பட்டுக்கோட்டை பஸ் தூரத்தில் வந்தது.

"இத விட்டா அடுத்த பஸ் எப்ப வரும்னே தெரியாது சார்" என்றார் மகள், கையைக் காட்டி நிறுத்தியபடி.

நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.