விசிறிப்பனை வாளிகள்

அக்காவின் இடது கையில் ஒரு பிடி பச்சை இருந்தது. பார்த்தால் புல். ஆனால் ஒவ்வொரு புல்லின் வேரோரத்திலும் ஒரு கறுத்த விதை, காதுத் தொங்கட்டான்போல ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் வரிசையாக நின்ற பெயிண்ட் வாளிகளில் மண் கிளறி, தட்டிச் சமமாக்கிக் கிடந்தது. ஒரு இலை இல்லை. "நாளைக்கு யாரோ வாராகளாம் தம்பி. ஒங்க மச்சான் வாசலச் சுத்தம் பண்ணச் சொன்னாக. வாளியெல்லாம் ஒரே புல்லு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிடியை வேப்பமரத்தடிக் குப்பையில் வீசினாள். வேலை முடிந்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது. நான் கையில் பலகாரப் பொட்டலத்தோடு நின்றேன். ஓர் அரசு ஊழியனாக ஆயுள் முழுவதும் கெட்ட செய்திகளை உரிய வழியில் அனுப்பிப் பழகியவன் நான். இந்தச் செய்திக்கு உரிய வழி எது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சுழி வழித்தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர்மேல் கோபப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. நிறுத்தம் இல்லாத இடத்தில் பெற்ற தாய் கை காட்டினாலும் வண்டி நிற்காது. ஒருமுறை சொந்த மாமனார், அதாவது எங்கள் அப்பா, பந்தல்குடி விலக்கு நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் தலையில் மூட்டையோடு கை காட்டினார். மச்சான் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்த அப்பா, "மாப்ள ரொம்ப நேர்மையான ஆளுடா. அந்த நேர்மைய வெய்யில்ல நின்னு பாத்துட்டு வாரேன்" என்றார். விதிகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு மச்சானைப் பிடிக்கும். தாலுகா அலுவலகத்தில் நான் விதிகளை வைத்து மற்றவர்களைக் காக்க வைத்தேன். அவர் தம்மையே காக்க வைத்தார். அந்த ஒரு வித்தியாசம்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். தோட்டக்கலை படித்து, மதுரைக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் மல்லாங்கிணற்றுப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அவன் தாத்தாவும் எங்கள் அப்பாவும் ஒரே புஞ்சையில் கூலிக்குப் போனவர்களாகக்கூட இருக்கலாம். மதம் எனக்குப் பிரச்சினை இல்லை என்று மச்சான் என்னிடம் பலமுறை சொன்னார். பலமுறை சொன்னதால் நான் பாதிதான் நம்பினேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல மாப்ள" என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. இந்த வாசலை அவள் மிதிக்கக் கூடாது, நீயும் அவளிடம் பேசக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார். அக்கா அதற்கு எதிர்வார்த்தை பேசவில்லை. அவரிடம் பேசுவதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். பாலவனத்தத்துக்கு வெளியே, மச்சான் ஆசையாகக் கட்டிய அந்த வீட்டில், பல வருஷம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

ஒருநாள் மருமகள், எனக்கு அவள் அக்கா மகள், அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே நாவல்பழ நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைப் பழங்கள். "விசிறிப்பனைப் பழம் மாமா. பண்ணையில நான் வளத்த மரம், மொதத் தடவ காச்சிருக்கு. அப்பாட்ட குடுத்துருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். விசிறிப்பனை என்பது பணக்கார வீட்டு வாசலிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் தொட்டியில் நிற்கும் அழகுப் பனை. கண்ணுக்கெட்டிய தூரம் நாட்டுப்பனை நின்று, அதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லாத ஊருக்கு, அழகுக்காக ஒரு பனை. இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் பையை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் சிரிக்கவில்லை. ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "இத எப்பிடிப் போடணுமாம்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் என் வழியாகப் பேசத் தொடங்கினார்கள். சதையை உரசிக் கழுவி, விதையைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்றாள்; சொன்னேன். எத்தனை தடவை தண்ணீர் மாற்றுவது என்று கேட்டார், கேட்டுச் சொன்னேன். கரிசல் மண்ணை மட்டும் போட்டால் இறுகிப்போகும், மணலும் தேங்காய்நார்த் தூளும் கலக்கச் சொல்லுங்கள் என்றாள். "கரிசல்ல வெளையாதது ஒண்ணு இருக்காமா?" என்று முறைத்துவிட்டு, மறுநாளே மணலுக்குப் போனார். வீட்டுக்கு வண்ணமடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் வாளிகளின் அடியில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டார். விதையை ஒரு விரல்கணு ஆழத்துக்குள் வைத்து, நனைத்த சாக்கால் மூடினார். "சாக்கு காயுதுன்னு சொல்லு." "வெயில் படாம வைக்கச் சொல்லுங்க மாமா." "எறும்பு வருதுன்னு சொல்லு." "ஓரத்துல சாம்பல் போடச் சொல்லுங்க." என் பணிக்காலத்தில் இவ்வளவு விரைவாக நகர்ந்த கோப்பை நான் பார்த்ததில்லை. இருவரும் ஒருவரையொருவர் நலமா என்று கேட்கவே இல்லை. முளைக்கவில்லையே என்று அவர் கேட்டபோது, "பனை லேட்டாத்தான் வரும், பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்ற பதிலில் அவள் குரல் உடைந்திருந்தது. அதை நான் அனுப்பவில்லை. பதிலை மட்டும் அனுப்பினேன்.

அக்காவிடம் மட்டும் எதுவும் சொல்லக் கூடாது என்று மச்சான் கட்டாயமாகச் சொல்லிவிட்டார். டிப்போ நண்பர் ஒருவர் கொடுத்த ஏதோ விதை என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். பேசக் கூடாது என்று உத்தரவு போட்டவரே ஒளிந்து பேசுகிறார் என்று தெரிந்தால் முகத்தை எங்கே வைப்பது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் அவரே சொன்னார். "மொளச்சு வரட்டும் மாப்ள. வந்ததும் எம் மகளக் கூப்பிடுவோம். அவளே வந்து பிரிச்சு நடட்டும். ஒங்கக்கா கதவத் தெறந்தா மக நிக்கணும்." இப்படி ஒரு காட்சியைத் தமக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே, குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீரில் தம் பங்கைக் கொண்டுபோய் வாளிகளில் ஊற்றினார். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. "குடிக்கிற தண்ணியக் கொண்டுபோய் வெறும் மண்ணுக்கு ஊத்துறாக. புத்தி பெரண்டுபோச்சு தம்பி" என்று அக்கா என்னிடம் புலம்பினாள். நான் ஆமாம் போட்டேன்.

கடைசியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. "வந்திருச்சு மாப்ள. ஊசி மாதிரி. எல்லா வாளியிலயும்." அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சில வாரத்தில் இலை விரிந்தது. விசிறிப்பனையின் முதல் இலை விசிறியாக இருக்காது. ஒற்றைக் கீற்றாக, கோரைப்புல்லைப் போலவே இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி மகளுக்கு என் மூலம் சொல்லி அனுப்பினார். மனைவியிடம் ஆள் வருகிறது என்று மட்டும் சொன்னார். யார் என்றும் சொல்லவில்லை, வாளியில் விதை முளைத்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை கறிக்குச் சொல்லிவைக்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பும்போது, வாசலைச் சுத்தம் பண்ணிவை என்றார்.

அக்கா சிறுமியாக இருந்த காலத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் ஊரார் புஞ்சையில் களையெடுத்தவள். பருத்தியிலும் குதிரைவாலியிலும் அவள் நிரை பிடித்து நகர்வதை நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண் அடுத்த செடியில் இருக்கும். கை இந்தச் செடியைப் பிடுங்கி முடித்திருக்கும். பிடுங்கியதை அவள் பார்ப்பதில்லை. அதனால்தான் விதை தொங்கியதையும் பார்க்கவில்லை. நான் இன்றுவரை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மச்சான் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். வாளிகளைப் பார்த்தார். குப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து குப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினார். வெயிலில் அது ஏற்கெனவே சுருண்டிருந்தது. "நீதான பிடுங்குன?" என்றார். "ஆமா, புல்லு" என்றாள் அக்கா. "அது ஓம் மக குடுத்தது" என்றார். அதற்கு அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வெள்ளாமை எதுன்னு சொன்னாத்தான களை எதுன்னு தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" மகள்மேல் அவர் சுமத்திய அதே குற்றச்சாட்டு, சொல்லுக்குச் சொல். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தலை நிமிரவில்லை.

நாளைக்கு அவள் வரட்டும், செடி போனால் போகிறது என்று நான் சொன்னேன். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். "மொளச்சதும் வான்னு சொன்னேன். இப்ப வெறும் வாளியக் காட்டவா? வெத அனுப்பச் சொல்லு. திரும்பப் போட்டு, வரட்டும். பெறவு கூப்பிடுவோம்." நிறுத்தம் அது. அதற்கு முன்னால் வண்டி நிற்காது. மருமகளுக்கு நான் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "புல்லு மாதிரித்தான் மாமா இருக்கும். அம்மா மேல தப்பில்லன்னு சொல்லுங்க" என்றாள். விதை அனுப்பினாள். மச்சான் மறுபடி ஊறவைத்து, மறுபடி போட்டு, மறுபடி சாக்கை நனைத்தார். இந்த முறை அக்காவும் தண்ணீர் ஊற்றினாள். தள்ளிவைப்பதைப் போல எளிதான உத்தரவு வேறில்லை. நான் அதில் ஆயிரம் போட்டிருக்கிறேன். மழைக்காலம் தொடங்கிய ஒரு விடிகாலையில், டீ கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த மச்சான் டீ வருவதற்குள் போய்விட்டார். வாளிகளில் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. மகள் வந்தாள். கதவைத் திறந்தது அக்காதான். அவர் ஓட்டிப் பார்த்த காட்சி நடந்தது. பார்க்க அவர் இல்லை.

இப்போது மருமகள் மாதம் ஒருமுறை வருகிறாள். வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் வாளிகளிடம்தான் போவாள். போன தடவை நானும் இருந்தேன். வாளி நிறையப் பச்சை நெருக்கமாக நின்றது. சுத்தமான கோரை. அதில் எதுவும் பனை இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் மண்ணுக்குள் விரலை விட்டு ஒரு விதையை எடுத்து அமுக்கினாள். ஓடு நொறுங்கி, உள்ளே கறுப்பாகத் தூள். திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினாள். "எப்பிடித் தாயி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். "பனை லேட்டாத்தான்மா வரும். தண்ணி மட்டும் விடாம ஊத்து. அடுத்த மாசம் வந்து பாக்குறேன்." "வா. நீ வந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அக்கா.

கோரையைத் தெரியாதவளா அக்கா? இருட்டில் தொட்டே பேர் சொல்லுவாள். மகளுக்கும் அது தெரியும். நான் ஒருவன் உண்மையைச் சொல்லி இந்தக் கோப்பை முடித்துவைக்கலாம். முடித்தால் அடுத்த மாதம் மகள் எந்தக் காரணத்தைச் சொல்லி வருவாள், தாய் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கூப்பிடுவாள்? சும்மா வா, சும்மா வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் வாய் வரவில்லை.

மருமகள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அக்கா செம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு வாளியாக ஊற்றினாள். ஒரு வாளியில் வேப்பஞ்சருகு விழுந்திருந்தது. குனிந்தாள். அன்றைக்கு ஒரு பிடியாகப் பச்சையைப் பிடித்திருந்த அதே இடது கை, கோரைக்கு நடுவே மெதுவாகப் போய், ஒரு கீற்றும் அசங்காமல், சருகை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தது.