தயிர்ச் சட்டிக் கவி

சென்ற தேர்தலில் எங்கள் கரையோரத்தில் மேடை ஏறியவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், பெரும்பாலும் என்னுடைய மைக்கில்தான் கதைத்தார்கள். ஒலிபெருக்கி வாடகைக் கடை எனக்குக் கல்முனையில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று, இன்னோர் ஊரில் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தவன் நான். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது தேர்தல் கேலி பகிடியெல்லாம் ஃபோனுக்குள் வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரரின் தலையை ஓர் ஆட்டின் உடம்பில் ஒட்டி ஆடவிட்டிருந்ததைப் பேத்தி காட்டினாள். “உங்கட காலத்துல இதெல்லாம் இல்லையே, மூத்தாப்பா?” என்று கேட்டாள். அந்தக் காலத்து ஃபோன் நான்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குரல் என்றால் அதுதான் குரல். கடற்கரையில் நின்று நான் கூப்பிட்டால் தோணிக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து ஓதினாலும் முன்வரிசைப் பிள்ளைக்குக் காது வலிக்கிறது என்று எங்களுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை சொல்வார். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குரலை முதன்முதலில் மதித்தவர் மாமா, உம்மாவின் தம்பி. அந்தத் தேர்தலில் எங்கள் ஊரான கல்முனையின் புடைவைக் கடை முதலாளி ஒருவர் நின்றார். எதிரே நின்றவர் தெற்கே சில ஊர்கள் தள்ளி ஓர் ஊரின் போடியார். ஏக்கர் கணக்கில் வயல், பட்டி நிறைய எருமை. அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். என்னுடைய மூன்றாவது கடை அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியையும் ஒரே பாலத்தையும்தான் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஆகவே சனங்கள் பிரித்துப் பார்க்க மிஞ்சியது ஊர் ஒன்றுதான். எங்கள் ஊர் ஆள், அந்த ஊர் ஆள்.

முதலாளிக்கு விளம்பரம் செய்யும் பொறுப்பு மாமாவுக்குக் கிடைத்தது. ஒரு பழைய காரின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிப் புனல்களைக் கட்டி, உள்ளே பெற்றரியை வைத்து, முன் சீட்டில் என்னை ஏற்றினார். எங்கள் பக்கத்தில் நாலு வரிப் பாட்டைக் கவி என்போம். மாமா கட்டிய கவி இது:

எருமைக்குப் பின்னால ஓடித் திரிஞ்சவரு
எம்பியா வரப்போறாராம் எங்கட ஊருக்கு
தயிர்ச் சட்டி ஒண்டத் தலையில தூக்கிவிட்டு
வந்த வழி போகச் சொல்லு வந்தவருக்கு

நான் பாடினேன். ஊர் சிரித்தது. பிள்ளைகள் காரின் பின்னால் ஓடி வந்தார்கள். கிடுகு வேலிக்குப் பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்தைச் சந்தியில் நான் பாடும்போது மீன் வெட்டுபவர் கத்தியை வைத்துவிட்டுக் கை தட்டினார். போகும் இடமெல்லாம் தின்ன இனிப்புத் தொதல் தந்தார்கள். இரண்டு பக்கச் சட்டைப் பையும் எண்ணெய்ப் பிசுக்காகிவிட்டது. மாமா நாளுக்கொரு கவி சேர்த்தார். எல்லாவற்றிலும் எருமை வந்தது, தயிர் வந்தது.

தயிர் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

வாப்பா அந்தப் போடியாரின் ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போகமாட்டாள். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் ஊருக்கு வருவார். வாப்பா பெட்டியோடு ஒரு தையல் மெஷினையும் கொண்டு வந்தவர். முன் அறையில் அதை வைத்துத் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய ஊரிலிருந்து யாராவது ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டு வருவார்கள். பகல் சோற்றில் அதை ஊற்றி, சீனி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். மாமா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். வாப்பாவும் கூடச் சிரிப்பார். அவர்கள் மச்சான் மாப்பிள்ளைமார் என்பதைவிடக் கூட்டாளிகள். அந்தச் சிரிப்பைத்தான் மாமா காரில் ஏற்றி ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொன்னார் மாமா. “மச்சானும் கேக்கட்டும், பாடுடா” என்றார். எனக்கும் ஆசைதான். வாப்பா அதுவரை நான் பாடி நேரில் கேட்டதில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. முதல் கவிக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதற்கு நின்றது. வாப்பா கழுத்தில் அளவு நாடாவோடு வாசல் கடப்பலடிக்கு வந்து நின்றார்.

ஒழுங்கையில், எங்கள் சின்னத் தெருவில், சனம் முழுக்கக் கூடி நின்றது. மற்ற இடங்களில் பாட்டைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், இங்கே வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார்: “என்ன டைலர், வந்த வழி ஞாபகம் இரிக்கா?”

வாப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போனார். நான் இன்னும் ஒரு கவி பாடினேன்.

பாடி முடித்து இறங்கினபோது அவர் மெஷினை மேசையிலிருந்து கழற்றி, உடுக்கும் சாரம் ஒன்றில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா.

“எங்க போறிய?”

“வந்த வழி போகச் சொல்லுறாங்க. போறன்.”

சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய றோட்டில் ஏறும் வரைக்கும் உம்மா வாசலில் நின்றா. பிறகு என்னைப் பார்க்காமல், “போறன் எண்டுதான் சொன்னாரு. போய்ட்டு வாறன் எண்டு சொல்லல்ல” என்றா. அவ்வளவுதான். நான் பையில் கிடந்த தொதலைக் கோழிக்குப் போட்டேன்.

அன்றைக்கு வாப்பா வரவில்லை. மறுநாளும் இல்லை. தையல் மேசையில் மெஷின் இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் தூசியில்லாமல் கிடந்தது. உறியில் தயிர்ச் சட்டி தொங்கியது. அதை யாரும் தொடவில்லை.

மாமாவை உம்மா ஏசினா. ஆனால் ஏச்சு உம்மாவோடு நிற்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அந்த ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர்கள் பல பேர். அவர்களுடைய பெண்சாதிமார் ஒவ்வொருவராக வந்தார்கள். “ராத்தா, உங்கட தம்பிட பாட்டால எங்கட ஊட்டுக்காரன் வாயத் திறக்காரில்ல” என்றா ஒருத்தி. “திறந்தா பரவாயில்லையே, சோத்துக்கும் திறக்காரில்ல” என்றா மற்றவ.

அதற்குப் பின்னால் முதலாளியே வந்தார். வேர்த்து விறுவிறுத்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்தார்.

“நம்மட ஊர், நம்மட ஊர் எண்டு கத்துறியே தம்பி, நம்மட ஊர்ல ஆம்புளயள் எல்லாம் இஞ்சயா பொறந்த? என்ட ரெண்டு மருமகன்மாரும் அங்க உள்ளவங்க. காலையில தேத்தண்ணிக்கும் அறைய விட்டு வெளியால வரல்ல. இவங்களெல்லாம் வாக்குச் சீட்டுல எனக்கா புள்ளடி போடப் போறாங்க?”

“இன்னொரு கவி கட்டிச் சரிபண்ணுவம் முதலாளி” என்றார் மாமா.

“நீ கட்டாத” என்று கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் சத்தம் வந்தது. “கவி கட்டத் தெரிஞ்சவள் ஊட்டுக்குள்ள இரிக்கக்குள்ள, எருமையிட்டப் போய்க் கேட்டா இப்பிடித்தான்.”

திரைக்குப் பின்னாலிருந்தே உம்மா நாலு வரி சொன்னா:

உப்பு, புளி, கொச்சிக்கா எங்கட சந்தையில வாங்கலாம்
ஊசி, நூலு, பட்டுச் சேல எங்கட கடையில வாங்கலாம்
மாப்பிள்ள எண்டு வந்தா மறுகத பேசாம
உங்கட ஊருக்குத்தானே வண்டி கட்டி வாறம்

முதலாளி விசிறுவதை நிறுத்தினார். சிரிப்பு மெதுவாக அவருடைய தாடிக்குள் வந்தது. “இத இண்டைக்கே நம்மட ஊரெல்லாம் பாடுங்க” என்றார்.

“இஞ்ச பாடி என்னத்துக்கு? அங்க போய்ப் பாடட்டும்.”

“அங்கயா? என்ட காருக்குக் கல்லெறிவாங்க புள்ள. கண்ணாடி மிஞ்சாது.”

“கண்ணாடி உங்கட. மாப்பிள்ள என்ட” என்றா உம்மா.

கார் புறப்பட்டது. போகிற வழியெல்லாம் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள். நான் கவியை மனப்பாடம் செய்தபடி வந்தேன். மாமா வழக்கம்போலப் பகிடி விடவில்லை. அந்த ஊர் எல்லையில் ஒரு கூட்டம் நின்றது. எங்கள் கார் பாடித் திரிந்த எருமைக் கவி அவர்கள் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. பையன்மார் கையில் கல் இல்லை, அதைவிட மோசம். எருமைச் சாணத்தை உருட்டி வைத்திருந்தார்கள். சாரதி திருப்பப் பார்த்தார். மாமா சீட்டில் வழுகி வழுகித் தலை தெரியாமல் கீழே போய்விட்டார். மைக் என் கையில் இருந்தது.

நான் பாடினேன். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரைக் கத்த வைத்திருக்கிறேன். அப்படி ஒரு குரல் வந்ததில்லை. முதல் இரண்டு வரிக்கும் ஓங்கின கைகள் ஓங்கினபடி நின்றன. சந்தைப் பெருமை பேச வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது வரிக்குக் கை கொஞ்சம் இறங்கியது. நான்காவது முடிந்ததும் வேலிக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தா. அந்தச் சிரிப்பு அடுத்த வேலிக்குத் தாவியது.

“திருப்பிப் பாடு தம்பி” என்றார் கூட்டத்தில் ஒருவர். பாடினேன். “கல்முனையான் இண்டைக்குத்தான் உண்மையக் கதைக்கிறான்” என்றார் இன்னொருவர். சாணத்தை வைத்திருந்த பையன்மார் அதை எங்கே போடுவதென்று தெரியாமல் ஒருவனுடைய சட்டையில் இன்னொருவன் தேய்த்துக்கொண்டார்கள். மாமாவின் தலை மெல்ல மேலே வந்தது.

ஊருக்குள்ளே போனோம். பள்ளிவாசலைத் தாண்டிச் சந்திக்கு வரும்போது வாப்பாவைக் கண்டேன். றோட்டோரத்தில், எங்கள் காருக்கு எதிர்முகமாக, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பின்னால் சாரத்தில் சுற்றிய மெஷின் கட்டியிருந்தது. எனக்கு அந்தக் கட்டுதான் கண்ணில் பட்டது. இந்த ஊரையும் விட்டு வேறெங்கோ போகப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். பாடிக்கொண்டு வந்த கவி இரண்டாவது வரியில் அப்படியே நின்றது.

“வாப்பா, ஊட்ட வாங்க வாப்பா.”

மைக் வாயில் இருந்தது மறந்துபோய்விட்டது. இரண்டு புனலிலும் அது போனது. வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பியது. சந்தி முழுக்கத் திரும்பி வாப்பாவைப் பார்த்தது.

“டைலர், உன்னத்தான்” என்றார் யாரோ. “ஊரக் கூட்டிக் கூப்பிடுறான், போயேன்.”

வாப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கார் யன்னலில் குனிந்தார். “மைக்க வை மகன். ஊருக்கே கேக்குது” என்றார். என் முகத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு கேட்டார்: “இப்ப பாடின கவி ஆர் கட்டினது?”

“உம்மா.”

வாப்பா நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார். மாமா வாயைத் திறக்குமுன், “மச்சான், எருமைக்குப் பின்னால ஒருத்தனும் ஓட மாட்டான். உதைக்கும். பக்கத்தால போகோணும். அடுத்த எலெக்சனுக்காவது கேட்டுக் கட்டுங்க” என்றார்.

மாமா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தூக்கிக் கூரையில், இரண்டு புனலுக்கும் நடுவில் கட்டினார்கள். மெஷினை வாப்பா மடியில் வைத்துக்கொண்டார். நான் மெஷினின் மேல் சாய்ந்துகொண்டு ஊர் வரைக்கும் வந்தேன்.

உம்மா வாசலில் நின்றா. ஏசவுமில்லை, அழவுமில்லை.

“சோறு ஆறிப்போச்சி” என்றா.

“தயிர் இரிக்கா?”

“புளிச்சிப்போச்சி.”

“கொண்டு வாங்க.”

அந்தப் புளித்த தயிரைச் சீனி இல்லாமலே வழித்துத் தின்றார். கொஞ்ச நேரத்தில் முன் அறையில் மெஷின் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபடியே அந்தப் பகலில் நான் தூங்கிவிட்டேன்.

தேர்தலில் முதலாளியும் வெல்லவில்லை, போடியாரும் வெல்லவில்லை. இவர்கள் ஊர் ஊராகப் பிரித்ததில் மூன்றாவது ஊர்க்காரர் ஒருவர் வென்றார். அவர் ஒரு கவியும் போடவில்லை.

வாப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தது என் குரல்தான் என்று பல வருசம் நான் சொல்லித் திரிந்தேன். அதை வைத்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். பிறகு நானும் கலியாணம் முடித்து, ஒரு பெட்டியோடு தெற்கே இன்னோர் ஊருக்குப் போனேன். ஒரு தடவை பெண்சாதியுடன் பிறந்த காக்காமாரோடு வாய்த்தர்க்கப்பட்டு, கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். என் வீடு என்று நான் நினைத்திருந்தது அப்போது தங்கச்சியின் வீடு. முன் அறையில் அவளுடைய மாப்பிள்ளை இருந்தார். தங்கச்சி அன்பாகத்தான் வரவேற்றாள். விருந்தாளிக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள். அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, என் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தபோதுதான், வாப்பா அந்த நாட்களில் தன் ஊரில், தங்கச்சிக்குப் போன வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்று தெரிந்தது. கூடவே அந்தச் சந்தியும் ஞாபகம் வந்தது. எங்கள் கார் வடக்கிலிருந்து போனது. அவர் எங்களுக்கு எதிர்முகமாக நின்றார். சைக்கிளின் முன் சக்கரம் எங்கள் ஊரைப் பார்த்து நின்றது. ஒன்பது வயதில் அதை என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் போகுமுன்பே அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.