தம்பி வடித்த பச்சிலைச் சென்ட்

அது சுபானு வருஷம், ஆனி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1943-ன் நடுப்பகுதி. கிழமை புதன் என்று நினைக்கிறேன். செவ்வாயாக இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குச் செவ்வாயன்று பொருள் கொண்டுபோக என் தம்பி சம்மதித்திருக்க மாட்டான்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்புறம் அடுப்புபோல ஒன்றை மாட்டி, கரி போட்டு ஓட்டினார்கள். மேடு வந்தால் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நமணசமுத்திரம் தாண்டுவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தம்பி மட்டும் இறங்கவில்லை. மடியிலிருந்த தகரப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் வைக்கோல் சுற்றிய பாட்டில்கள் இருந்தன. கண்டக்டர் முறைத்தார். நான் அவனுக்கும் சேர்த்துத் தள்ளினேன்.

தம்பி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். யுத்தத்துக்கு முன் ரங்கூனிலிருந்து செட்டிமார் வீடுகளுக்கு லாவண்டர் பாட்டில்கள் வந்துகொண்டிருந்தன. ரங்கூன் ஜப்பான்காரர்களிடம் போனபின் அது நின்றது. லாவண்டரும் ஒரு செடிதான், நம் துளசிக்குத் தூரத்து உறவு என்று ஒரு தாவர நூலில் படித்ததை ஒருநாள் சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன். மறுவாரமே கொல்லையில் செங்கல் அடுக்கி, வாலை என்ற வடிகலத்தை வைத்து இலைகளைக் காய்ச்சி வடிக்க ஆரம்பித்துவிட்டான். துளசி, மரிக்கொழுந்து, எலுமிச்சைப்புல், வெட்டிவேர், துளி பச்சைக் கற்பூரம். ஸ்பிரிட்டுக்குச் சமஸ்தானத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்காக நான் சர்க்கார் கச்சேரிக்கு நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது.

மாசியிலிருந்து அவன் சம்பளமில்லாத லீவில் இருந்தான். ஆனி முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆக, நாங்கள் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு செட்டியார் கல்யாண வீட்டில் சென்ட் பிடித்துப்போனால் அவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டாம். கல்யாணத்துக்கு வரும் சனம் முழுவதும் அதை முகர்ந்துவிடும். பிடிக்காவிட்டால் மறுபடி மருந்து மிக்ஸ்சர் கலக்கத்தான் போக வேண்டும்.

திருமயத்திலிருந்து மாட்டுவண்டி. அந்த வீட்டை அடையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வளவு முற்றத்தில் பந்தல்காரர்கள் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பெரியவர், நெற்றி நிறைய நாமம். தம்பி பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலின் தக்கையை எடுத்தான்.

நானே பல நாளாக முகர்ந்து சலித்த வாசனைதான். ஆனாலும் அந்த வெக்கையில் அது வந்தபோது முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது. மழை விட்ட தோட்டத்தில் இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் பச்சை மணம். பந்தல்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கணக்குப்பிள்ளை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். தம்பி சில சொட்டு விட்டான். அவர் கண்ணை மூடிக் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயா, குடிச்சிராதீங்க! சென்ட்டு!" என்று தம்பி கத்தினான்.

அவர் திடுக்கிட்டு, கையிலிருந்ததைக் கண்ணில் ஒற்றித் தலையில் தடவிக்கொண்டார். "பெருமாளே, தீர்த்தம்னுல்ல நெனச்சேன்" என்றார். கண் எரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கார ஆச்சி, பெண்ணின் தாயார், வந்தார்கள். பின்னாலேயே கல்யாணப் பெண்ணும் வந்தது. தம்பி ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி, சென்ட்டில் நனைத்து நீட்டினான். அந்தப் பெண் மணிக்கட்டில் தடவி முகர்ந்து பார்த்தது. மறுபடியும் முகர்ந்தது.

"நல்லாருக்கு ஆத்தா. இப்பத்தான் குளிச்ச மாதிரி இருக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். மாசிக்குப் பிறகு அவன் முகத்தில் நான் கண்ட ஒரே தெளிச்சி அதுதான்.

ஆச்சி மகளின் கையைப் பிடித்து முகர்ந்தார்கள். "இதுல தொளசி போட்ருக்கீகளா?"

"ஆமாங்க ஆச்சி. மரிக்கொழுந்தும் இருக்கு."

"இருக்கு. ஆனா மூக்குக்கு மொத வாரது தொளசிதானே." மகளிடம் திரும்பினார்கள். "தொளசியைத் தலையில வப்பியாடி?"

"வக்க மாட்டேன்."

"சாமிக்கு உள்ளதை மேல பூசிக்கிட்டு மாப்பிள்ளை பக்கத்துல போயி ஒக்காருவியா? சனம் என்னமாச்சும் சொல்லாது?"

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்பிள்ளை விழுந்து கும்பிட்டுட்டா என்ன செய்யிறது?" என்றது. பந்தல்காரர்கள் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்தார்கள். கோபம் ஒன்றும் இல்லை.

"தொளசியை எடுத்துட்டு வடிக்க முடியாதா?" என்று ஆச்சி கேட்டார்கள்.

தம்பி யோசித்தான். "எடுத்தா இந்த வாசனை இருக்காதுங்க ஆச்சி. வேற என்னமோவாத்தான் இருக்கும்."

"அப்ப ஒண்ணு செய்யிங்க. கொண்டாந்தது அம்புட்டையும் வச்சிட்டுப் போங்க. சனிக்கிழமை பெருமாள் கோயில்ல குடுத்துர்றேன். மாசாமாசம் குடுங்க, நம்ம வீட்டு உபயமா இருக்கட்டும்."

அங்கேதான் முடிந்திருக்க வேண்டும். மாதாமாதம் என்றால் அதுவும் ஒரு பிழைப்பு. நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தம்பி தக்கையை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னான்:

"கோயிலுக்கு ஆகாதுங்க. இதுல ஸ்பிரிட் இருக்கு."

"ஸ்பிரிட்டுன்னா?"

"சாராயம் மாதிரிங்க."

கணக்குப்பிள்ளை எழுந்தார். தலையில் தடவிய கையை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். வாளி விழும் சத்தம் கேட்டது. முழுவதுமாகவே குளித்தார் போலும். வெகுநேரம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி பாட்டிலையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். "மனுசனும் பூசக் கூடாது, சாமிக்கும் ஆகாது. அப்ப இது ஆருக்குத்தான் தம்பி?"

தம்பி பாட்டிலை வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல சாப்பாடு. தம்பி பாதி இலையில் எழுந்தான்.

திருமயத்தில் பஸ் வருவதற்குச் சாயங்காலம் ஆனது. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். துளசி இல்லாமல் ஒன்று வடித்துப் பார்க்கலாமே, இன்னும் சில நாள் இருக்கிறதே என்றேன். சொல்லும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. மறுபடி கச்சேரி, மறுபடி அனுமதி, மறுபடி இந்த பஸ்.

"வேணாண்ணே. அந்தப் பொண்ணு ரெண்டாந்தடவை மோந்து பாத்துச்சுல்ல, பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"அது போதும்."

போதாது என்று அவனுக்கும் தெரியும். பஸ் வந்தது. நமணசமுத்திரத்து மேட்டில் வழக்கம்போல் நின்றது. கண்டக்டர் கூப்பிடுவதற்கு முன்பே தம்பி பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரிப்புகைக்குள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லையாம். மலேரியா அதிகம், கொய்னா மிக்ஸ்சர் நிறையக் கலக்க வேண்டியிருந்தது என்று மட்டும் ராத்திரி வந்து சொன்னான்.