ஓர் உறை, இரண்டு கத்தி

பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தபோது மெற்றில்டா மோர்டனிலுள்ள தன் வீட்டில் பாண் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெதம் ஏலக்கூடத்திலிருந்து, அங்கே வேலைசெய்யும் லெஸ்லி பேசினான். அவள் கணவர் அருள்நேசன் வேலை மேசையிலேயே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தும் பலனில்லை.

பழைய துருக்கிய, பால்கன் கத்திகளை இனம்பிரித்து அட்டை எழுதுவது அவருடைய வேலை. பிடியின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் கிரீட் தீவு என்பார். கொம்புப் பிடியில் பித்தளை பதித்திருந்தால் பொஸ்னியா. வேறு வேறு பட்டறையில் பிறந்த உறையையும் கத்தியையும் யாரோ பிறகு சேர்த்திருந்தால், அதற்குத் தொழிலில் 'கலியாணம்' என்று பெயர்.

"அப்ப எங்கடையும் அதுதானே," என்று ஒருமுறை கேட்டாள்.

"இல்லை, நாங்கள் பொஸ்னியாச் சோடி. ஒரே உறையிலை ரெண்டு கத்தி."

"அது ஏலாதெண்டு பழமொழியெல்லோ?"

"அவங்களுக்கு ஏலும்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறும் என்பது அவள் பயம். அவர் கேலி செய்வார், ஆனால் மீறமாட்டார். மேசையில் வைப்பார், மற்றவர் எடுக்கவேண்டும். ஏலக்கூடத்தில் அதைப் பாதுகாப்பு விதி என்று நினைத்து எல்லோரும் பின்பற்றினார்கள்.

மூன்று வாரமாக அவருக்கு இடக்கை உளைந்தது. நெஞ்சைச் சோதிக்கச் சொல்லி டொக்டர் தந்த கடிதம் குளிர்பெட்டிக் கதவில் இருந்தது. தொலைபேசி வந்த அன்று காலை அவள் கத்தி கேட்டாள். மேசை நிறையக் கோப்பைகள். அவற்றைத் தள்ளி இடம்செய்ய அவருடைய இடக்கை எழும்பவில்லை. அவர் கத்தியை நேரே அவள் கையில் கொடுத்தார்.

அவள் கையை மூடாமல் நின்றாள். "இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? மேசையிலை வையுங்கோ, நான் எடுக்கிறன்."

"ஞாயிறு பூசைக்கும் போறீர், இதையும் விடுறீரில்லை." அவர் சிரித்தபடி அதைத் திரும்ப எடுத்து, கோப்பைகளுக்கு மேலேயே வைத்தார். மடியில் கிடந்த இடக்கையை அவள் பார்த்தாள். ஆனால் நினைப்பெல்லாம் கத்தியில் இருந்தது. மேசையிலிருந்து எடுத்தாயிற்று, தோஷம் கழிந்தது என்று ஆறினாள். 'இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்' என்று நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

"ஏலக்கூடத்திலை கிடக்கிற கத்திச் சோடியை முடிச்சிட்டு நாளைக்குப் போறன்," என்றுவிட்டு அவர் வெளிக்கிட்டார்.

நான்காம் நாள் அவருடைய கண்ணாடியை எடுக்க அவள் ஏலக்கூடம் போனாள். லெஸ்லி அந்தச் சோடியை மேசையில் வைத்தான். அவள் எடுத்தாள்.

"அரபு இலக்கத்திலை ஏழும் எட்டும் ஒண்டுக்கொண்டு தலைகீழ், அக்கா. கத்தியிலை வெட்டின ஆண்டிலை கடைசி இலக்கம் தேஞ்சுபோச்சு, ஏழோ எட்டோ தெரியேல்லை. அண்ணை அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்."

அட்டையில் அவர் கையெழுத்து: பொஸ்னியா. ஓர் உறை, இரண்டு கத்தி. கலியாணம் அல்ல. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு 127. நான்காம் இலக்கத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.